ஸ்கார்பரோ: ஒரு புறநகர் மக்கள்தொகையின் சமூக வரலாறு

ஸ்கார்பரோ என்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோ மாநகரின் கிழக்குப் பகுதியாக உள்ள பெரும் புறநகர். தெற்கே ஒன்டாரியோ ஏரியும், மேற்கே விக்டோரியா பார்க் அவென்யூவும், வடக்கே ஸ்டீல்ஸ் அவென்யூவும், கிழக்கே ரூஜ் ஆற்றுப் பகுதியும் இதன் எல்லைகள். பரப்பளவு சுமார் 188 சதுர கிலோமீட்டர். 1998 ஜனவரி 1ஆம் தேதி டொராண்டோவுடன் இணைக்கப்படும்வரை இது தனி மாநகராட்சியாக இயங்கியது. 2021 கணக்கெடுப்பின்போது இங்கு ஏறத்தாழ 6.3 லட்சம் பேர் வாழ்ந்தனர். இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சொந்த வீடும் சொந்தக் காரும் உடைய தொழிலாளர், நடுத்தரக் குடும்பங்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் இது. அன்றைய குடிமக்களில் பெரும்பான்மையினர் பிரித்தானிய வழியினர். ஒரே தலைமுறைக்குள் உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் இங்கே குடியேறினர். மக்கள் மாறிய வேகத்தில் ஊரின் சாலைகளும் வீட்டமைப்பும் பேருந்து வசதியும் மாறவில்லை. இந்த இடைவெளிதான் ஸ்கார்பரோவின் சமூக வரலாற்றில் திரும்பத் திரும்ப வெளிப்படுகிறது.

பெயரும் தொடக்கமும்

ஐரோப்பியர் வருகைக்கு முன் இப்பகுதி வெண்டாட் முதலிய பழங்குடி மக்களின் வாழிடமாக இருந்தது. 1956இல் புதிய குடியிருப்புக்காக ஒரு மேட்டை இயந்திரத்தால் தோண்டியபோது, நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒன்றாகச் சேர்த்துப் புதைக்கப்பட்ட பழங்குடியினரின் ஈமக்குழி வெளிப்பட்டது. டேபர் ஹில் எனப்படும் அந்த இடம் இன்று வீடுகளுக்கு நடுவே பாதுகாக்கப்பட்ட பூங்காவாக உள்ளது.

1793இல், மேல் கனடாவின் துணை ஆளுநராக இருந்த ஜான் கிரேவ்ஸ் சிம்கோவின் மனைவி எலிசபெத் சிம்கோ, ஏரிக்கரையில் எழுந்து நிற்கும் வெண்ணிறச் செங்குத்துப் பாறைகளைக் கண்டார். அவை இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலுள்ள ஸ்கார்பரோ கடற்கரையை நினைவூட்டியதால் இவ்விடத்துக்கும் அப்பெயர் வந்தது. 1790களின் இறுதியில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த டேவிட், மேரி தாம்சன் தம்பதியர் முதல் ஐரோப்பியக் குடியேறிகளாகக் கருதப்படுகின்றனர். 1850இல் ஸ்கார்பரோ ஊராட்சியாக அமைக்கப்பட்டது.

அடுத்த நூறு ஆண்டுகள் இது விவசாய ஊராகவே இருந்தது. பண்ணை நிலங்களைப் பிரிப்பதற்காக ஏறத்தாழ 2 கிலோமீட்டர் இடைவெளியில் நேர்கோடாகப் போடப்பட்ட பாதைகளே பின்னாளில் எக்ளிண்டன், லாரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபிஞ்ச் போன்ற அகன்ற பெருஞ்சாலைகள் ஆயின. இன்று பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நெடுந்தூரம் நடக்கும் ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பண்ணைக் கணக்கின்படி அளக்கப்பட்ட ஊரில் நடக்கிறார்.

போருக்குப் பிந்தைய பெருக்கம்

போர்க்காலத்தில் எக்ளிண்டன் அவென்யூவுக்குத் தெற்கே ஜீகோ என்ற வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்கியது. வெடிகுண்டுகளுக்கான திரிகளை நிரப்பும் வேலையில் ஆயிரக்கணக்கானோர் ஈடுபட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். போர் முடிந்ததும் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்ததால், ஆலைக் கட்டடங்களில் சில, வீடில்லாத குடும்பங்களுக்குத் தற்காலிகக் குடியிருப்பாக்கப்பட்டன. பின்னர் ஆலிவர் கிராக்ஃபோர்ட் ஊராட்சித் தலைவராக இருந்த காலத்தில், ஊராட்சி அந்த நிலத்தை மத்திய அரசிடமிருந்து வாங்கித் தொழில் நிறுவனங்களுக்கு விற்றது. வரி வருமானத்துக்காகத் தொழில்களை ஈர்க்க எடுத்த இம்முயற்சியால் உருவானதே ‘கோல்டன் மைல்’ என்னும் தொழிற்பகுதி. 1959இல் கனடாவுக்கு வந்த இரண்டாம் எலிசபெத் அரசி இங்குள்ள வணிக வளாகத்தைப் பார்வையிட்டார். புறநகர் வாழ்க்கை அப்போது நாட்டின் பெருமைக்குரிய காட்சியாக இருந்தது.

1954இல் டொராண்டோ நகரமும் அதைச் சூழ்ந்த 12 உள்ளாட்சிகளும் ‘மெட்ரோ டொராண்டோ’ என்னும் கூட்டமைப்பாக இணைந்தன. ஸ்கார்பரோ அவற்றுள் ஒன்று. குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள், பெருஞ்சாலைகள் ஆகியவற்றுக்கான செலவைக் கூட்டமைப்பு ஏற்றதால் வீடு கட்டும் வேலை வேகம் பிடித்தது. 1956இல் நகரின் வடக்கே 401 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 1951இல் ஏறத்தாழ 56,000 ஆக இருந்த மக்கள்தொகை 1961இல் 2.17 லட்சத்தைத் தாண்டியது. பத்தே ஆண்டுகளில் அது ஏறத்தாழ நான்கு மடங்காகியது.

அன்று கட்டப்பட்டவற்றுள் பெரும்பகுதி ஒரு மாடி, ஒன்றரை மாடித் தனி வீடுகள். முன்புறம் புல்தரை, பக்கத்தில் கார் நிறுத்தும் இடம், வளைந்து முடியும் உள்தெருக்கள், நடுவே தொடக்கப்பள்ளி என்பதே வழக்கமான அமைப்பு. கடைகள் பெருஞ்சாலை முனைகளில், கார் நிறுத்தத்துக்குப் பின்னால் வரிசையாக அமைந்தன. ஒருவர் வேலைக்குப் போகும் இளம் குடும்பமே இத்திட்டத்தின் அளவுகோல். முதியவர், தனியாக வாழ்பவர், கார் இல்லாதவர், ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறையாக வாழ்பவர் ஆகியோர் அந்தக் கணக்கில் இல்லை.

ஆயினும் ஸ்கார்பரோ முழுவதும் தனி வீடுகளால் ஆனது என்று எண்ணுவது தவறு. 1960களிலும் 1970களிலும் டொராண்டோவின் புறநகர்ப் பெருஞ்சாலைகளை ஒட்டி வாடகைக்கான அடுக்குமாடிக் கட்டடங்கள் பெருமளவில் எழுந்தன. அரசு கட்டிய பொதுக் குடியிருப்புகளும் புறநகர்களில் அமைந்தன. மால்வேர்ன் பகுதியில் 1950களில் கையகப்படுத்தப்பட்ட பண்ணை நிலத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களும் வீடு வாங்கும் வகையில் 1970களில் வீடுகள் கட்டப்பட்டன. வாங்க விரும்பியோர் மிகுந்ததால் குலுக்கல் முறையும் கையாளப்பட்டது. பின்னாளில் குடியேறிகள் முதலில் வந்து சேர்ந்தது இந்த வாடகை அடுக்குமாடிகளுக்கும் வரிசை வீடுகளுக்கும்தான்.

குடிவரவுச் சட்டமும் புதிய குடிமக்களும்

1962இல் கனடா தன் குடிவரவு விதிகளிலிருந்து இன அடிப்படையிலான தடைகளைப் பெருமளவு நீக்கியது. 1967இல் புள்ளி முறை வந்தது. கல்வி, தொழில்திறன், வயது, மொழியறிவு ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கி விண்ணப்பதாரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. 1971இல் பல்பண்பாட்டுக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1976இன் குடிவரவுச் சட்டம் அகதிகளைத் தனி வகையாக ஏற்றது. ஸ்கார்பரோ வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளும் இந்த மாற்றங்கள் நடந்த ஆண்டுகளும் ஒன்றே.

ஜமைக்கா, டிரினிடாட், கயானா முதலிய கரீபிய நாட்டவர், உகாண்டாவிலிருந்து 1972இல் வெளியேற்றப்பட்ட ஆசியர், இந்தியர், பாகிஸ்தானியர், ஹாங்காங் சீனர், பிலிப்பினோக்கள் எனப் பல குழுக்கள் அடுத்தடுத்து வந்தன. கொல்கத்தாவின் ஹக்கா சீனர்களும் இங்கே வந்து சேர்ந்தனர். சீனச் சமையலை இந்திய மசாலாவோடு கலந்த அவர்களது உணவகங்கள் ஸ்கார்பரோவின் அடையாளங்களுள் ஒன்று. 1971இல் 3.34 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1991இல் 5.2 லட்சத்தைத் தாண்டியது. 1983இல் ஸ்கார்பரோ மாநகரத் தகுதி பெற்றது.

அரசியலிலும் இதன் அடையாளங்கள் தெரிந்தன. ஜமைக்காவில் பிறந்த ஆல்வின் கர்லிங் 1985இல் ஸ்கார்பரோ வடக்குத் தொகுதியிலிருந்து மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒன்டாரியோ அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். கொரியாவில் பிறந்த ரேமண்ட் சோ 1991இல் உள்ளாட்சி உறுப்பினரானார்.

அஜின்கோர்ட், 1984

மாற்றம் எங்கும் அமைதியாக நடக்கவில்லை. அஜின்கோர்ட் பகுதியில், முன்பு உருளைச்சறுக்கு அரங்கமாக இருந்த கட்டடத்தில் 1984இல் டிராகன் சென்டர் என்னும் சீன வணிக வளாகம் திறக்கப்பட்டது. நகர மையத்தின் சைனாடவுனுக்குப் போகாமல், ஒரே கூரையின்கீழ் சீனக் கடைகளையும் உணவகங்களையும் பெற முடிந்ததால் கூட்டம் அலைமோதியது. கார் நிறுத்த இடமின்மையும் நெரிசலும் அக்கம்பக்கத்தாரின் புகார்களாயின. அந்த ஆண்டு கூட்டப்பட்ட பொதுக்கூட்டத்தில் கார் நிறுத்தம் பற்றிய பேச்சு சீனக் குடியேறிகளுக்கு எதிரான பேச்சாக மாறியது. இனவெறுப்புத் துண்டறிக்கைகளும் பரவின.

அதன்பின் மாநகர நிர்வாகம் பல்பண்பாடு, இன உறவு ஆகியவற்றை ஆராய ஒரு பணிக்குழுவை அமைத்தது. வளாகமும் நிலைத்தது, அதன் வழியில் மேலும் பல சீன வளாகங்கள் அஜின்கோர்ட்டிலும் பின்னர் வடக்கே மார்க்கத்திலும் எழுந்தன. காருக்காகத் திட்டமிட்ட ஊரில், மக்கள்தொகை மாற்றம் குறித்த முதல் பெரிய மோதல் கார் நிறுத்த இடத்தைப் பற்றிய தகராறாகவே வெளிப்பட்டது குறிப்பிடத்தக்கது.

தமிழர் குடியேற்றம்

ஸ்கார்பரோவின் பெயரைத் தமிழுலகம் அறிந்தது இலங்கைத் தமிழரின் புலம்பெயர்வால். 1983 ஜூலைக் கலவரத்துக்கு முன்பே கல்விக்காகவும் தொழிலுக்காகவும் வந்த சிலர் டொராண்டோவில் இருந்தனர். கலவரத்தை அடுத்துக் கனடா இலங்கையருக்குச் சிறப்பு நடவடிக்கைகளை அறிவித்தது. 1986 ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்து கடற்பரப்பில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் மீட்டனர். அந்நிகழ்வு தமிழ் அகதிகளைக் கனடிய மக்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

தொடக்கத்தில் வந்தவர்களில் பலர் நகர மையத்தை ஒட்டிய வெல்லஸ்லி–பார்லிமென்ட் பகுதியின் வாடகை அடுக்குமாடிகளில் தங்கினர். குடும்பத்தாரை அழைத்தபின் இடம் போதாமல் கிழக்கே நகர்ந்தனர். எக்ளிண்டன், மார்க்கம் சாலை, மார்னிங்சைட் ஆகியவற்றை ஒட்டிய கட்டடங்களில் முதலில் வாடகைக்கும், பின்னர் மால்வேர்ன் போன்ற இடங்களில் சொந்த வீட்டிலும் குடியேறினர். வடக்கே மார்க்கமும் கிழக்கே ஏஜாக்ஸும் அடுத்த கட்டம். வாடகை மாடியிலிருந்து வரிசை வீடு, அங்கிருந்து தனி வீடு என்னும் இந்த நகர்வு, போருக்குப் பின் ஸ்கார்பரோவுக்கு வந்த பிரித்தானிய வழிக் குடும்பங்களின் கனவிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. ஆனால் தமிழர்கள் போரில் இழந்தவற்றையும், ஊரில் விட்டுவந்த உறவுகளுக்கு அனுப்ப வேண்டிய பணத்தையும் சுமந்தபடி அந்தப் படிகளை ஏறினர்.

இவர்களது வருகை ஊரின் பயன்பாட்டை மாற்றியது. பழைய பிளாசாக்களில் மளிகைக் கடை, நகைக் கடை, புடவைக் கடை, கொத்து ரொட்டி விற்கும் உணவகம், வீடு விற்பனை முகவர் அலுவலகம், இலவசத் தமிழ் வார இதழ்கள் எனப் புதிய பொருளாதாரம் உருவானது. கிடங்குகளும் பட்டறைகளும் இருந்த தொழிற்பகுதிக் கட்டடங்களில் கோயில்கள், தேவாலயங்கள், நடனப் பள்ளிகள் இடம்பிடித்தன. வாடகை குறைவு, கார் நிறுத்த இடம் தாராளம், ஓசையால் அண்டை வீட்டாருக்குத் தொல்லையில்லை என்பவை இதற்கான காரணங்கள். 1977இல் ஒன்டாரியோ தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின்கீழ் பள்ளிகளில் வார இறுதித் தமிழ் வகுப்புகள் நடந்தன.

2011இல் ஸ்கார்பரோ–ரூஜ் ரிவர் தொகுதியில் வென்ற ராதிகா சிற்சபைஈசன் கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். 2015இல் கரி ஆனந்தசங்கரி ஸ்கார்பரோ–ரூஜ் பார்க் தொகுதியில் வென்றார். ஒன்டாரியோ மாகாணம் 2014இலும் கனடிய நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைப்பதற்கான நிதியைத் தமிழ்ச் சமூகம் திரட்டித் தந்தது.

கணக்கெடுப்பின் வகைகள்

ஸ்கார்பரோவில் எத்தனை தமிழர் என்ற எளிய கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கனடியக் கணக்கெடுப்பு ஒருவரைப் பல கேள்விகளால் வகைப்படுத்துகிறது. ‘காணக்கூடிய சிறுபான்மையினர்’ என்பது பழங்குடியினரல்லாத, வெள்ளையரல்லாத மக்களைக் குறிக்கும் சட்டச்சொல். அந்தப் பட்டியலில் தமிழர் ‘தெற்காசியர்’ என்ற பெருங்குழுவில் அடங்குகின்றனர். இன மூலம் பற்றிய கேள்விக்கு ஒருவர் ‘தமிழர்’ என்றோ, ‘இலங்கையர்’ என்றோ, ‘இந்தியர்’ என்றோ எழுதலாம். தாய்மொழி பற்றிய கேள்வியோ, கனடாவில் பிறந்து ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளைகளைத் தமிழ்க் கணக்கிலிருந்து விட்டுவிடக்கூடும். 2016இல் கனடா முழுவதும் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஒரு லட்சத்துக்கும் மேல். சமூக அமைப்புகள் சொல்லும் மதிப்பீடுகள் இதைவிட மிகப் பெரியவை. இரண்டும் வெவ்வேறு பொருள்களை எண்ணுகின்றன.

ஸ்கார்பரோ மக்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் இன்று காணக்கூடிய சிறுபான்மையினர் வகையைச் சேர்ந்தவர்கள். தெற்காசியர் மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். அடுத்த பெரிய குழு சீனர். கறுப்பினத்தவரும் பிலிப்பினோக்களும் அவர்களுக்கு அடுத்து வருகின்றனர். சிறுபான்மையினர் என்ற சொல் நாடளாவிய கணக்கில் பொருந்தும்; ஸ்கார்பரோவின் பெரும்பாலான தெருக்களில் பொருந்தாது.

கணக்கெடுப்பு என்பது பேருந்துத் தடம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கப் பயன்படும் கருவியும் ஆகும். 2011இல் மத்திய அரசு கட்டாய நீள்படிவத்தை நீக்கி, விருப்பமுள்ளோர் மட்டும் நிரப்பும் ஆய்வாக மாற்றியபோது புள்ளியியலாளர்களும் நகர நிர்வாகங்களும் எதிர்த்ததற்கு இதுவே காரணம். ஏழைகளும் புதிதாக வந்தவர்களும் இத்தகைய படிவத்தை நிரப்பாமல் விடுவது அதிகம். 2016இல் கட்டாய நீள்படிவம் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

வீடும் குடும்பமும்

ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டில் இரண்டு, மூன்று குடும்பங்கள் வாழ்வது ஸ்கார்பரோவின் பரவலான வழக்கம். மேல்தளத்தில் உரிமையாளர், கீழே பேஸ்மென்ட்டில் வாடகைக்காரர் அல்லது உறவினர் என்பது வழக்கமான ஏற்பாடு. வீட்டுக்கடனைக் கட்ட அந்த வாடகை உதவியது. புதிதாக நாட்டுக்கு வந்தவருக்கோ, மொழி தெரிந்தவரிடம், முன்பணச் சிக்கல் இல்லாமல் இடம் கிடைத்தது. ஆனால் பல பேஸ்மென்ட் வீடுகள் உள்ளாட்சி விதிகளுக்கு வெளியே இருந்தன. 1994இல் ஒன்டாரியோ அரசு அவற்றைச் சட்டப்படி அனுமதித்தது. அடுத்து வந்த அரசு அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. இணைப்புக்குப் பின் டொராண்டோ மாநகராட்சி தன் விதிகளின் மூலம் மீண்டும் அனுமதித்தது. சட்டத்துக்கு வெளியே இருந்த காலத்தில், தீ பாதுகாப்போ போதிய சன்னலோ இல்லை என்று வாடகைக்காரர் புகார் செய்தால் தங்குமிடத்தையே இழக்க நேரிடும்.

பெற்றோரையும் பாட்டி தாத்தாக்களையும் அழைத்து வரும் குடும்ப இணைப்புத் திட்டம் இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. காலையில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போனபின் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது தாத்தா பாட்டியின் பொறுப்பு. கார் ஓட்டாத, ஆங்கிலம் குறைவாக அறிந்த முதியவருக்கு அகன்ற சாலைகளும் பனிக்காலமும் பெருந்தடைகள். நூலகக் கிளைகளும் சமூக நிலையங்களும் பிளாசா நடைபாதைகளும் இவர்களது சந்திப்பிடங்களாயின.

வருமானமும் வேலையும்

2004இல் யுனைடெட் வே அமைப்பு வெளியிட்ட ஆய்வு, 1981இல் டொராண்டோவில் 30 ஆக இருந்த வறுமை மிகுந்த குடியிருப்புப் பகுதிகள் 2001இல் 120 ஆகியதைக் காட்டியது. புதிதாகச் சேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை ஸ்கார்பரோ போன்ற உள்புறநகர்களில் இருந்தன. டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹல்சான்ஸ்கி 1970 முதல் 2005 வரையான கணக்கெடுப்புகளை ஆராய்ந்து, டொராண்டோ மூன்று நகரங்களாகப் பிரிந்துவிட்டது என்றார். மையமும் சுரங்கரயில் தடங்களை ஒட்டிய பகுதிகளும் செல்வம் சேர்ந்த முதல் நகரம். நடுத்தர நிலையில் நின்றது இரண்டாவது. வருமானம் சரிந்த வடமேற்கு, வடகிழக்குப் புறநகர்கள் மூன்றாவது. 1970இல் 66 விழுக்காடாக இருந்த நடுத்தர வருமானப் பகுதிகள் 2005இல் 29 விழுக்காடாகக் குறைந்தன.

குடியேறிகள் வந்ததால் புறநகர் ஏழையானது என்று இதைப் படிப்பது பிழை. நடந்தவை பல. நகர மையத்தின் பழைய தொழிலாளர் வீடுகளை வசதி படைத்தவர்கள் வாங்கிப் புதுப்பித்தனர். வாடகை உயர்ந்து, குறைந்த வருமானத்தவர் வெளியே தள்ளப்பட்டனர். அதே காலத்தில் புறநகரின் தொழிற்சாலை வேலைகள் மறைந்தன. கோல்டன் மைலில் இயங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் வேன் ஆலை 1993இல் மூடப்பட்டது. பள்ளிப்படிப்போடு நிரந்தர வேலையும் சங்கப் பாதுகாப்பும் தந்த அத்தகைய ஆலைகள் இருந்த இடங்களில் பெருங்கடைகள் வந்தன.

புள்ளி முறையின்படி படிப்புக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த மருத்துவர்களும் பொறியாளர்களும் அந்தப் படிப்புக்கு இங்கே உரிமம் கிடைக்காமல் காவல் பணி, சமையலறை, கிடங்கு, டாக்சி ஆகியவற்றுக்குச் சென்றனர். ‘கனடிய அனுபவம்’ கேட்ட முதலாளிகளும் தொழில் ஒழுங்குமுறை அமைப்புகளும் இதற்குக் காரணம். 2006இல் ஒன்டாரியோ இதைச் சீர்செய்யத் தனிச் சட்டம் இயற்றியது. அதற்குள் ஒரு தலைமுறை தன் தொழிலைத் துறந்து, பிள்ளைகளின் படிப்பில் நம்பிக்கை வைத்துவிட்டது.

2005இல் டொராண்டோ மாநகரம் 13 முன்னுரிமைப் பகுதிகளை அறிவித்துச் சமூகச் சேவைகளுக்கு நிதி ஒதுக்கியது. மால்வேர்ன், கிங்ஸ்டன்–காலோவே, டோர்செட் பார்க், ஸ்கார்பரோ வில்லேஜ் ஆகியவை அப்பட்டியலில் இருந்தன. இளைஞர் மையங்களும் மருத்துவ நிலையங்களும் இதனால் வந்தன. அதே வேளையில், செய்திகளில் குற்றத்தோடு மட்டும் சேர்த்துச் சொல்லப்பட்ட இப்பகுதிகளின் பெயருக்கு இன்னொரு முத்திரையும் விழுந்தது.

தூரமும் பேருந்தும்

சுரங்கரயில் 1968இல் ஸ்கார்பரோவின் தென்மேற்கு விளிம்பிலுள்ள வார்டன் நிலையத்தையும் 1980இல் கென்னடி நிலையத்தையும் அடைந்தது. அதற்கப்பால் 1985இல் ஸ்கார்பரோ ஆர்டி என்னும் சிறு ரயில் ஓடத் தொடங்கியது. அதை மாற்ற வேண்டிய காலம் நெருங்கியபோது, 2007 முதல் இலகு ரயில், பின் சுரங்கரயில், மூன்று நிலையம், ஒரு நிலையம், மீண்டும் மூன்று நிலையம் எனத் திட்டங்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறின. 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதும், சில மாதங்களில் நிறுத்தப்படவிருந்த அந்த ரயில் அத்தோடு நிறுத்தப்பட்டுப் பேருந்துகள் விடப்பட்டன. சுரங்கரயில் நீட்டிப்பின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது.

காருக்காகக் கட்டிய ஊரில் இன்று பேருந்துகள் நிரம்பி வழிகின்றன. 2020–21இல் கோவிட் தொற்று, வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாத தொழிலாளர்கள் வாழும் வடமேற்கிலும் ஸ்கார்பரோவிலும் கடுமையாகப் பரவியது. 2021 ஏப்ரலில் மருந்து வராததால் ஸ்கார்பரோவின் தடுப்பூசி மையங்களில் சுமார் 10,000 முன்பதிவுகள் ரத்தாகின.

இணைப்புக்குப் பின் குரல்

1997 மார்ச்சில் நடந்த கருத்து வாக்கெடுப்பில் மெட்ரோவின் மக்கள் நான்கில் மூன்று பங்குக்கு இணைப்பை எதிர்த்தனர். மாகாண அரசு அதை ஏற்காமல் 1998இல் ஆறு உள்ளாட்சிகளையும் ஒரே மாநகராட்சியாக்கியது. ஜப்பானிய வழிக் கட்டடக் கலைஞர் ரேமண்ட் மொரியாமா வடிவமைத்து 1973இல் திறக்கப்பட்ட ஸ்கார்பரோ நகர மன்றக் கட்டடம் கிளை அலுவலகமாகியது. 2018இல் மாகாணம் டொராண்டோ மன்றத்தை 25 உறுப்பினர்களாகச் சுருக்கியபோது ஸ்கார்பரோவுக்கு ஆறு இடங்களே எஞ்சின. ஒருவர் ஒரு லட்சம் பேரைப் பிரதிநிதித்துவம் செய்கிறார். குடியுரிமை இன்னும் பெறாதவருக்கு உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்கில்லை என்பதால், சேவைகளை அதிகம் நம்பியிருப்பவர்களில் பலர் வாக்காளர் பட்டியலில் இல்லை.

நகர மையத்தார் தொலைவைக் கேலி செய்து ‘ஸ்கார்பீரியா’ என்று அழைத்த ஊரின் பிள்ளைகள் அதைத் தம் சொற்களில் எழுதத் தொடங்கினர். டேவிட் சாரியாண்டியின் ‘பிரதர்’ (2017), கேத்தரின் ஹெர்னாண்டஸின் ‘ஸ்கார்பரோ’ (2017) ஆகிய நாவல்கள் இங்குள்ள அடுக்குமாடி வாழ்வைக் களமாகக் கொண்டவை. இரண்டும் திரைப்படங்களாயின.

இன்றைய நிலை

2016இலும் 2021இலும் ஸ்கார்பரோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 6.3 லட்சத்திலேயே நின்றது. பிள்ளைகள் வளர்ந்து மார்க்கத்துக்கும் டர்ஹம் வட்டாரத்துக்கும் போகின்றனர். பெற்றோர் பழைய வீட்டில் முதுமை அடைகின்றனர். புதிதாக வருவோருக்கு அந்த வீடுகளின் விலை எட்டுவதில்லை. சுரங்கரயில் வரும் இடங்களிலும் எக்ளிண்டன் தடத்திலும் உயரமான கட்டடங்களுக்கான திட்டங்கள் குவிகின்றன. குறைந்த வாடகைக்கு இடம் தந்து, புதிய குடிமக்களின் கடைகளையும் கோயில்களையும் உணவகங்களையும் வளர்த்தெடுத்த பழைய பிளாசாக்களே முதலில் இடிபடக்கூடியவை.

1950களில் ஸ்கார்பரோ யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களின் தேவை தெளிவாகக் கேட்கப்பட்டு, குழாயும் சாலையும் பள்ளியும் வீடு வருமுன்பே திட்டமிடப்பட்டன. பின்னர் வந்தவர்கள் கட்டி முடித்த ஊரைப் பெற்று, பேஸ்மென்ட்டையும் பிளாசாவையும் பட்டறையையும் தம் தேவைக்கு மாற்றிக்கொண்டனர். மூன்றாம் முறையாக இந்த ஊர் திட்டமிடப்படும்போது, ஏற்கெனவே அங்கு வாழ்வோர் அந்தக் கணக்கில் இருப்பார்களா என்பதே ஸ்கார்பரோவின் மக்கள்தொகை வரலாறு எழுப்பும் கேள்வி.